எர்த் கிடைக்காத வண்டி



தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதையில் பதினான்கு நிலைக்கும் முழந்தாள் போட்டு எழுந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் வேலை முடிந்து நேராக வந்தவர்கள். ஸ்லோ லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை இன்னும் வலித்துக்கொண்டிருக்கும். ஒருசந்தி இருப்பவர்களும் உண்டு. அதனால் சுற்றி வளைக்காமல் நற்செய்திக்கு வந்துவிடுகிறேன்.

மத்தேயு 5ஆம் அதிகாரம், 20 முதல் 26 வரை கேட்டோம். கொலை பற்றிய கட்டளையில் தொடங்கி, சினம், வசைச்சொல் என்று இறங்கி வந்து, ஆண்டவர் ஒரு காட்சியில் நிற்கிறார். ஒருவன் காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கிறான். அங்கே வைத்துத்தான் அவனுக்கு நினைவு வருகிறது, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஏதோ மனத்தாங்கல் இருப்பது. ஆண்டவர் சொல்கிறார்: காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகிவிட்டு, பிறகு வந்து செலுத்து என்று.

கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று இதைக் கேட்டவர்கள் கலிலேயாக்காரர்கள். வலை இழுப்பவர்கள், வயலில் பாடுபடுபவர்கள். அவர்கள் ஊரில் பலிபீடம் கிடையாது. பலி செலுத்துவதென்றால் எருசலேமுக்குத்தான் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்தால் மூன்று நான்கு நாள் ஆகும். ஆட்டையோ புறாவையோ குருவின் முன்னால் விட்டுவிட்டு, ஊருக்கு நடந்து போய், அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசி முடித்து, மறுபடி நடந்து வா என்கிறார். ஒரு வாரம் ஓடிவிடும். ஆடு அதுவரை அங்கேயே நிற்குமா, யார் புல் போடுவார்கள் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. நம் கணக்கில், மும்பை பாண்டுப்பில் நம் கோயில் பீடத்தில் தட்டை வைத்துவிட்டு சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்குப் போய் நாகர்கோவில் ரயிலைப் பிடி என்கிறார். அதுவும் ரிசர்வேஷன் இல்லாமல்.

ஏன் இவ்வளவு தூரம் அனுப்புகிறார்? இருந்த இடத்திலேயே கண்ணை மூடி, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் போதாதா? இந்த வசனத்தைப் பல வருடம் விளக்கியிருக்கிறேன். அது எனக்குப் பிடிபட்ட இடம் எல்.பி.எஸ். மார்க் சாலையில் ஒரு மெக்கானிக் கடை.

நம் பங்கு இளைஞர் ஒருவர் பார்சல் டெலிவரி செய்கிறார். மலைச்சரிவில் வீடு. அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டி வீடு வரை ஏறாது. அடிவாரத்தில் சாக்கடை ஓரமாக நிறுத்தி, நீலத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் படியேற வேண்டும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை பெய்த மழை அத்தனையும் அந்த வண்டிமேல்தான். போதாததற்குக் கிழக்கே உப்பளக் காற்று. தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மழை முடிந்து பல வாரம் நன்றாக ஓடிய வண்டி, ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. நியூட்ரலின் பச்சை விளக்கு வரவில்லை, ஹாரன் இல்லை, ஹெட்லைட் இல்லை. செல்ஃப் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்ற சத்தம்கூட இல்லை.

“ஃபாதர், வண்டி செத்துப் போச்சு. நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு” என்று வந்து நின்றார். வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனோம்.

பெரியவர்கள் கேட்பீர்கள், கிக் அடித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று. உங்கள் காலத்து வண்டிக்கு அது சரி. மேக்னெட்டோவே தீப்பொறிக்கு வேண்டிய கரண்டைக் கொடுத்துவிடும். பேட்டரி செத்து மாதக் கணக்கானாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டுக்கும் அதே கரண்ட்தான் என்பதால் முறுக்கினால் பளீரென்று எரியும், சிக்னலில் நின்றால் மங்கிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சவே ஒரு பம்ப், அதை ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கரண்ட் இல்லையென்றால் உதைத்தும் தள்ளியும் பயனில்லை.

வழியெல்லாம் யோசனை. டீக்கடையில் இருந்தவர் “பேட்டரி மாத்திடு” என்றார். ரிக்‌ஷா ஸ்டாண்டில் ஒருவர் “ஃபியூஸ் போயிருக்கும், சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திச் சொருகு” என்றார். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஃபியூஸ் அறுந்தால் எங்கேயோ ஒயர் உரசுகிறது என்று பொருள். ஈயத்தாள் நேரத்துக்கு அறுந்து கொடுக்காது. சீட்டுக்கு அடியில் ஒயர்க்கட்டு முழுவதும் வெந்துவிடும்.

மெக்கானிக் உத்தரப் பிரதேசத்துக்காரர், வயதானவர். எல்லோரும் சாச்சா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் மீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். 12.6 வோல்ட். நல்ல சார்ஜோடு சும்மா நிற்கும் பேட்டரி அவ்வளவுதான் காட்ட வேண்டும். பத்தரைக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே ஒரு செல் போயிருக்கும் என்று சந்தேகப்படலாம். “பேட்டரி பக்கா ஹை” என்று சொல்லிவிட்டு மீட்டரை ஓரமாக வைத்தார்.

பிறகு டெஸ்ட் லேம்ப். கடையில் வாங்கியதில்லை. பழைய இண்டிகேட்டர் பல்பு, அதற்கு ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர். ஒன்றின் நுனியில் கிளிப், இன்னொன்றில் கோணி ஊசி. கிளிப்பைப் பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, ஊசியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். பிளஸ் முனையைத் தொட்டார், எரிந்தது. ஃபியூஸின் இந்தப் பக்கம் எரிந்தது, அந்தப் பக்கமும் எரிந்தது. லாக்குக்குள் போகிற ஒயரிலும், சாவியைத் திருப்பியதும் வெளியே வருகிற ஒயரிலும் எரிந்தது. இளைஞருக்கு எரிச்சல் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் கரண்ட் வருகிறதே சாச்சா, வண்டியில் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

சாச்சா பதில் சொல்லாமல் ஒரே ஒரு காரியம் செய்தார். கிளிப்பைப் பேட்டரி மைனஸிலிருந்து எடுத்து, வண்டியின் இரும்புச் சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருந்த ஒரு போல்ட்டில் மாட்டினார். ஊசியை அதே பிளஸ் முனையில் வைத்தார். சற்றுமுன் பளிச்சென்று எரிந்த பல்பு இப்போது எரியவில்லை.

“எர்த் நஹீ மில் ரஹா ஹை, ஃபாதர்” என்றார். எர்த் கிடைக்கவில்லை.

சீட்டைக் கழற்றி மைனஸ் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சட்டத்தில் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு வளையம், அதைப் பிடித்து ஒரு போல்ட். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. அடியில் துரு. போல்ட் விரலாலேயே சுழன்றது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் செம்பு தெரியும்வரை தேய்த்து, துருவைச் சுரண்டி, ஸ்பேனர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். சாவியைத் திருப்பியதும் பச்சை விளக்கு வந்தது. கூலி ஐம்பது ரூபாய். புதுப் பேட்டரி போட்டிருந்தால் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும், வண்டியும் அப்படியே நின்றிருக்கும்.

இனிப் பேட்டரி என்றால் அருள், ஃபியூஸ் என்றால் மனச்சான்று, ஸ்பார்க் பிளக் என்றால் தூய ஆவி என்று ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஞான அர்த்தம் கட்டிக்கொண்டே போகலாம். குருமடத்தில் அப்படி மறையுரை எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையால் கோடு விழும், விழவும் வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு போல்ட்தான்.

பள்ளியில் படித்ததை நினைத்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் வருவது பாதிக் கதை. வந்தது திரும்பிப் போய்ச் சேர வேண்டும். 1845இல் கிர்க்காஃப் என்ற ஜெர்மானிய மாணவர், அப்போது அவருக்கு 21 வயது, இதை விதியாகவே எழுதினார்: கம்பிகள் சேருகிற இடத்துக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். போக வழியில்லையென்றால் வரவும் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரிவரை தனித்தனியாகத் திரும்பும் ஒயர் இழுப்பதில்லை. ஹெட்லைட், ஹாரன், பின்விளக்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே பொது எர்த்தில்தான் வந்து சேருகின்றன, வண்டியின் இரும்பு உடம்பையும் சேர்த்து. அந்த ஒரு போல்ட் விட்டால் எல்லாம் சேர்ந்து இருட்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தை, ஒரே உடலின் பல உறுப்புகள் பற்றிய பகுதியை, இன்று இரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

கடவுளின் அருள் நம்மிடம் வந்து தங்கிவிடுவதற்கு வருவதில்லை. நம்மைக் கடந்து பக்கத்தில் இருப்பவரிடம் போய், அவர் வழியாகத்தான் கடவுளிடம் திரும்புகிறது. யோவான் தம் முதல் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் இதைத் தயவே இல்லாமல் சொல்கிறார்: கண்ணுக்குத் தெரியும் சகோதரனை நேசிக்காமல், தெரியாத கடவுளை நேசிக்கிறேன் என்பவன் பொய்யன் என்று. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தையே பாருங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும், அதில் இருக்கும் எல்லா மன்றாட்டையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து விளக்கம் சொல்கிறார். அன்றாட உணவுக்கு விளக்கம் இல்லை, சோதனைக்கு இல்லை. மன்னிப்புக்கு மட்டும் உண்டு. நாம் எந்த இடத்தில் அறுந்து நிற்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிளஸ் பக்கத்தில் நம் ஆட்கள் குறையே வைப்பதில்லை. புதன்கிழமையானால் மாஹிம் புனித மிக்கேல் ஆலய நவநாள், செப்டம்பர் வந்தால் பாந்த்ரா மவுண்ட் மேரி, முடிந்தவர்கள் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே டிக்கெட் போடுகிறீர்கள். மாட்டுங்கா டான் பாஸ்கோ மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றாமல் அந்த வழியாகப் போக மாட்டீர்கள். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. சாச்சாவின் ஊசி அங்கெல்லாம் தொட்டால் பல்பு எரியும். ஆனால் ஜெபம் வறண்டு போனதும், பூசையில் உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை என்றானதும், என்னிடம் வந்து கேட்பது என்ன? “ஃபாதர், இந்த நவநாள் எனக்குப் பலிக்கல, வேற எந்த ஜெபம் சொல்லலாம்?” டீக்கடை யோசனை மாதிரிதான் இருக்கிறது, பேட்டரியை மாற்று என்று. உங்களில் சிலர் இரண்டு மூன்று பேட்டரி மாற்றியாயிற்று.

2021 ஜூலை 18ஆம் தேதி ஞாயிறு நினைவிருக்கிறதா? இரவெல்லாம் கொட்டிய மழை. அன்று காலை விஹார் ஏரி நிரம்பி வழிந்தது. அதே நாளில், நமக்கு மேலே இருக்கும் பாண்டுப் குடிநீர் வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்து மின்சாதனங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மும்பையின் பெரும்பகுதியில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வானத்திலும் குறையில்லை, ஏரியிலும் குறையில்லை, வழியில்தான் தடை. மழையை நிறுத்தாமல் அனுப்பிய ஆண்டவரிடம் அன்று யாரும் தண்ணீர் கேட்டிருக்க மாட்டோம்.

மெக்கானிக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். இளைஞர் நம்பாமல் மீட்டரை எடுத்து, பிளஸுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்தார். அது 12க்கு மேல் காட்டியது! பல்பு எரியாத அதே இடத்தில் மீட்டர் எல்லாம் சரி என்கிறது. சாச்சா சிரித்தார். மீட்டர் வண்டியிடம் எதையும் கேட்பதில்லை. அது இழுப்பது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அவ்வளவுக்குத் துருவும் வழிவிடும். ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பு முக்கால் ஆம்பியருக்கு மேல் கேட்கும், ஹெட்லைட் மூன்று ஆம்பியர் கேட்கும், ஸ்டார்ட்டர் அதுபோலப் பல மடங்கு. கேட்ட உடனே துரு கைவிரித்துவிடும்.

“எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல ஃபாதர், பாத்தா சிரிச்சுக்குவோம்” என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள். சமாதான வாழ்த்தின்போது அடுத்த வரிசையில் நிற்கும் சித்தப்பா மகனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறீர்கள், அவரும் ஆட்டுகிறார். அது மீட்டர். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து, பத்திரிகையில் யார் பெயரை எந்த வரியில் போடுவது என்று உட்காரும்போது பல்பு எரிகிறதா என்று பாருங்கள். அம்மா தவறிய செய்தி ஊரிலிருந்து வருகிறது, அண்ணன் போன் செய்யவில்லை, பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொள்கிறீர்கள். அப்போது தெரியும்.

இனி ஆண்டவரின் வார்த்தையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பலிபீடத்தில் நிற்பவனுக்கு நினைவு வருவது, தனக்கு யார்மேல் கோபம் என்பதல்ல. யாருக்குத் தன்மேல் மனத்தாங்கல் என்பது. ஆன்ம சோதனைக்கு உட்காரும்போது நாம் எப்போதும் கிளிப்பை நம் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறோம். நான் யாரை மன்னிக்க வேண்டும்? அவளை மன்னித்துவிட்டேன், இவனையும் மன்னித்துவிட்டேன், என் மனதில் ஒன்றும் இல்லை. எல்லா இடத்திலும் பல்பு எரிகிறது. கிளிப்பைக் கழற்றி அடுத்தவர் பக்கம் மாட்டச் சொல்கிறார் ஆண்டவர். அவர் என்னை எப்படிப் பார்க்கிறார்? அவர் கணக்கில் நான் என்ன பாக்கி?

ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டது எதையும் நான் பேச மாட்டேன். இது வாசற்படியிலும் துக்க வீட்டிலும் காதில் விழுந்தது. ஊரில் அப்பா வீட்டை விற்ற பணத்தில் தங்கைக்குப் பங்கு போகவில்லை. “அவளுக்குத்தான் நகை போட்டாச்சே” என்று முடித்துவிட்டோம். சால் குடியிருப்பில் சீட்டுப் பிடித்து, எட்டு மாதம் கட்டியவர்களுக்கு நடுவில் நிறுத்தி, வீடு மாறிப் போய்விட்டோம். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கப் பதினாறு வயதுப் பையனை ஊரிலிருந்து அழைத்து வந்து, ‘உன் சம்பளம் பத்திரமா என்கிட்ட இருக்கு’ என்று சொல்லி, அவன் கேட்ட அன்று கணக்குச் சரியாக வரவில்லை. இவற்றில் எதிலும் நமக்குக் கோபம் இல்லை. நாம் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். கோபம் அந்தப் பக்கம் இருக்கிறது. தங்கை, சீட்டுக் கட்டியவர், பையன் ஆகியோரிடம். அதனால்தான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் போதாது, கலிலேயாவுக்கு நடந்து போ என்கிறார். பாக்கி கையில் இருந்தால் அதையும் கொண்டு போக வேண்டும். கடைசிக் காசைக் கொடுக்கும்வரை சிறையிலிருந்து வெளியேற முடியாது என்று நற்செய்தி முடிந்ததைக் கேட்டீர்கள்தானே.

நம் முன்னோருக்கு 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஜெபம் சொல்லிக்கொடுத்த சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை 1548இல் ஒப்புதல் தந்தார். ஆன்ம சோதனைக்கு அவர் அதில் ஒரு முறை வைத்திருக்கிறார்: எல்லாக் குறையையும் ஒன்றாக அள்ளிப் போட்டுப் புலம்பாதே, ஒன்றை மட்டும் எடு, நாள்தோறும் அதையே பார், எத்தனை முறை தவறினாய் என்று கோடு போட்டுக் குறி. ஒரு ஒயரைப் பிடித்தால் அது முடிகிற இடம்வரை விடாமல் போனால்தான் மெக்கானிக். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறவர், ஒயர்க்கட்டைப் பிரித்துப்போட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்லுவார்.

அதே இஞ்ஞாசியார் இன்னொன்றையும் சொல்கிறார், அதை மறைத்தால் நான் உங்களுக்குத் தப்பு செய்கிறேன். உள்ளம் வறண்டு போவதற்கு அவர் மூன்று காரணம் காட்டுகிறார். நம் அசட்டை ஒன்றுதான். மற்ற இரண்டில் நம் குற்றம் ஏதுமில்லை. ஆறுதல் இல்லாதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்று பார்க்கக் கடவுள் அதை அனுமதிக்கிறார், ஆறுதல் நம் சம்பாத்தியமல்ல, அவர் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளவும் அனுமதிக்கிறார். கல்கத்தா அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் அவர் உள்ளத்தில் இருட்டு. அவரிடம் எர்த் சரியில்லை என்று யார் சொல்வார்? தினமும் அதிகாலையில் எழுந்து, இருட்டோடேயே போய்க் குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடந்தவரைத் தூக்கினார்.

ஆகவே, வறட்சி வந்த ஒவ்வொருவரையும் பிடித்து “யாரோடு சண்டை?” என்று கேட்கும் பழக்கம் வேண்டாம். தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று மாதக் கணக்கில் போனால் அது நோய். டாக்டரிடம் போங்கள். என்னிடமும் வாருங்கள், டாக்டரிடம் போன பிறகு.

பெண்களில் சிலருக்கு இந்த மறையுரையைக் கேட்கக் கேட்க வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டு அடிப்பவனிடமிருந்து தப்பி அம்மா வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டுமா? இல்லை. உரசி உரசித் தோல் போன ஒயரை மெக்கானிக் மறுபடி அதே இடத்தில் சொருக மாட்டார். முதலில் கழற்றிப் பிரிப்பார், டேப் சுற்றித் தனியாக ஒதுக்கி வைப்பார். இல்லாவிட்டால் வண்டியே எரிந்துவிடும். மனதில் பகை வைக்காமல் இருப்பது வேறு, அடிபட வீட்டுக்குப் போவது வேறு. ஒப்புரவுக்கு நடக்க வேண்டியவன் அடித்தவன். இன்றைய வசனம் அவனைப் பார்த்துச் சொன்னது. இதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப யாராவது வந்தால், உறவினரானாலும் அன்பியப் பொறுப்பாளரானாலும், என்னிடம் அனுப்புங்கள்.

தொடக்கத் திருச்சபை இந்த வசனத்தை அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. திதாக்கே என்ற மிகப் பழைய நூல், சண்டையில் இருப்பவர்கள் சமாதானமாகும்வரை ஞாயிறு கூட்டத்தில் சேர வேண்டாம் என்றே கட்டளையிடுகிறது. 155ஆம் ஆண்டை ஒட்டி ஜஸ்டின் உரோமையில் எழுதிய விளக்கத்தில், மன்றாட்டு முடிந்ததும் ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுக்கிறார்கள். அதன் பிறகுதான் அப்பமும் கிண்ணமும் கொண்டுவரப்படுகின்றன. நம் பகுதியிலேயே இருக்கும் சீரோ மலபார் சகோதரர்களின் குர்பானாவுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், அவர்கள் இன்றும் நற்கருணை மன்றாட்டுக்கு முன்பே சமாதானம் கொடுத்துக்கொள்கிறார்கள். நம் உரோமை முறையில் அது நன்மை வாங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. அதற்கும் நல்ல காரணம் உண்டு, விளக்க இன்று நேரமில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது நமக்கு நினைவெல்லாம் வரிசையில் எப்போது எழுவது என்பதில் போய்விடுகிறது. அண்ணனை நினைக்க நேரம் போதவில்லை.

அதனால் இன்று ஒரு சின்ன ஏற்பாடு. விசுவாசிகள் மன்றாட்டு முடிந்ததும் காணிக்கைப் பாடலை உடனே தொடங்க வேண்டாம் என்று பாடகர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் விடுகிறேன். காணிக்கைத் தட்டு பீடத்துக்குக் கீழே இருக்கும், அதை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதீர்கள், யாருக்குப் போன் செய்கிறார் என்று காது கொடுக்காதீர்கள். போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று தொடங்காதீர்கள். அவர்கள் உடனே வைத்துவிடுவார்கள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேளுங்கள். பணப் பாக்கி இருந்தால் எந்தத் தேதிக்கு அனுப்புவேன் என்று தேதியைச் சொல்லுங்கள். எதிர்முனையில் திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பதில் சொல்லாதீர்கள். எடுக்கவே இல்லையென்றால் நாளைக்கு மறுபடி போடுங்கள். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போகலாம்.

கோயிலுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. கேட் பக்கம், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நின்றால் நன்றாகக் கிடைக்கும்.